கறுப்பு வெள்ளை ஃபிலிம்: டப்பாவில் ‘சி-41’ இருக்கிறதா?

போன பொங்கலுக்கு மும்பை தாராவியின் 90 அடிச் சாலைக்கு அண்ணன் மகளும் என்னுடன் வந்திருந்தாள். சாலையோரம் நெடுகப் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைத்திருந்தார்கள். புகையும் கரும்பும் கோலமுமாக இருந்த அந்தக் காலையை அவள் தன் அப்பாவின் பழைய கேமராவில் 36 படங்களாக எடுத்தாள். கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடி வாங்கிப் போட்டிருந்தாள். வீட்டருகே ஃபிலிம் கழுவித் தரும் கடை ஒன்றில் மறுநாளே ரோலைக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் கையில் வந்தது கண்ணாடி போன்ற வெற்றுச் சுருள். ஒரு படம்கூட இல்லை. “ஃபிலிமே சரியாக மாட்டவில்லை போலிருக்கிறது என்று கடையில் சொன்னார்கள், சித்தப்பா. நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன்” என்றாள். குரல் கம்மியிருந்தது.

அந்தச் சுருளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். படம் இருக்க வேண்டிய நடுப்பகுதியை நான் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தேன். வழக்கமான நெகட்டிவ் எதை எடுத்தாலும் துளைகள் இருக்கும் ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் 1, 2, 3 என்ற படங்களின் எண்களும் இருக்கும். அவற்றைத் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தால் பதித்து அனுப்புகிறார்கள். ஃபிலிம் கேமராவில் ஓடவே இல்லையென்றாலும், லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து 36 படம் எடுத்தாலும், முறையாகக் கழுவினால் அந்த எண்கள் தெரிந்தே தீரும். அவளுடைய சுருளில் எண்களும் இல்லை. ஆகவே படம் எடுத்ததில் பிழை கிடையாது. அந்த ஃபிலிமுக்குப் பொருந்தாத மருந்தில் அதைக் கழுவியிருக்கிறார்கள். 36 படங்களும் உருவாகி, கடையின் கழுவும் இயந்திரத்துக்குள்ளேயே அழிந்துபோயின.

ஃபிலிம் கேமராவைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் பலருக்கு இது நடக்கிறது. ஒரு ரோலைப் பாழாக்கிய பிறகுதான் காரணம் தெரிய வேண்டும் என்று இல்லை. கலர் ஃபிலிம் கழுவும் முறையின் பெயரான ‘சி-41’ டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து, வாங்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

பழைய முறைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் என்பது வெள்ளிதான், நகைக்கடையில் இருக்கும் அதே உலோகம். ஃபிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கும். வெளிச்சம் பட்ட துகள்களை டெவலப்பர் என்ற மருந்து உலோக வெள்ளியாக மாற்றும். நுண்ணிய துகளாக இருப்பதால் அந்த வெள்ளி கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் படாத உப்பை, நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் மருந்து கரைத்து எடுத்துவிடும். எஞ்சிய கறுப்பு வெள்ளிதான் நெகட்டிவ். நம் தாத்தா பாட்டியின் கல்யாணப் படங்கள் பெரும்பாலும் இப்படி உருவானவைதான். 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளைச் சுருள்களும் இந்த வகைதான். மலைமேல் இருந்த அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கலர் ஃபிலிமின் கதை வேறு. அதிலும் வெள்ளி உப்பு இருக்கிறது. ஆனால் அதோடு சாயமாக மாறக்கூடிய வேதிப்பொருளும் ஒவ்வொரு அடுக்கிலும் உறங்கிக் கிடக்கிறது. டெவலப்பர் வெள்ளி உப்பை வெள்ளியாக்கும்போது தானும் மாறுகிறது. மாறிய அந்த மருந்து, உறங்கிக் கிடக்கும் பொருளோடு கூடி அதே இடத்தில் சாயத்தை உண்டாக்குகிறது. இனி வெள்ளி தேவையில்லை. அடுத்து வரும் பிளீச் என்ற குளியல் உலோக வெள்ளியை மறுபடி உப்பாக்குகிறது. ஹைப்போ போன்ற மருந்து அதைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. கடைசியில் ஃபிலிமில் நிற்பது சாயம் மட்டுமே.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். மேலே மண் பூசிச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் பஞ்சலோகம் நிற்கும். கலர் ஃபிலிமில் வெள்ளி அந்த மெழுகு, சாயம் பஞ்சலோகம். பழைய முறைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமிலோ மெழுகேதான் சிலை. அதைக் கொண்டுபோய் மெழுகை உருக்கும் உலையில் வைத்தால் மிஞ்சுவது என்ன? அண்ணன் மகளின் ரோலுக்கு நடந்தது அதுதான். டெவலப்பரில் அந்தப் பொங்கல் பானைகள் எல்லாம் வெள்ளியில் எழுந்துதான் இருக்கும். அடுத்த தொட்டியில் இருந்த பிளீச் அவற்றை உப்பாக்க, அதற்கடுத்த தொட்டி கழுவிவிட்டது, ஓரத்து எண்கள் உட்பட. அப்படிப் போன படத்தை எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

கலர் நெகட்டிவைக் கழுவும் இந்த முறைக்குத்தான் சி-41 என்று பெயர். கோடாக் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்தது. எந்த நிறுவனத்தின் கலர் ரோலாக இருந்தாலும் ஒரே மருந்து, ஒரே வெப்பநிலை, ஒரே நேரம்: டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. அதனால்தான் இயந்திரம் வைத்த எந்தச் சாதாரணக் கடையும் யாருடைய ரோலையும் கழுவ முடிந்தது. பழைய முறைக் கறுப்பு வெள்ளையில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஒவ்வொரு டெவலப்பருக்கும் நேரம் வேறு. கையால் செய்ய வேண்டும், செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். மும்பையில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தெருவுக்கு ஒருவர் இல்லை.

பக்கத்துக் கடையின் சி-41 இயந்திரத்திலேயே கழுவக்கூடிய கறுப்பு வெள்ளை ஃபிலிம் கிடையாதா? உண்டு. வெள்ளிக்குப் பதில் சாயத்தால் படம் அமையும்படி, ஆனால் அந்தச் சாயம் கறுப்பாகவே தெரியும்படி செய்த ஃபிலிம் அது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் எக்ஸ்பி1 என்ற பெயரில் இப்படி ஒன்றை வெளியிட்டது. அதன் வழிவந்த எக்ஸ்பி2 சூப்பர் இன்றும் தயாராகிறது. கோடாக்கும் பிடபிள்யூ400சிஎன் என்ற ஒன்றை விற்றது. 2014-ல் அதை நிறுத்திவிட்டது. ஆக இன்று புதிதாக வாங்க நான் கைகாட்டுவது எக்ஸ்பி2 சூப்பர் ஒன்றைத்தான்.

வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘சி-41’ என்று அச்சிட்டிருந்தால் பக்கத்துக் கடைக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கூடாது. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், கென்ட்மியர், கோடாக் ட்ரை-எக்ஸ், டி-மேக்ஸ், ஃபோமாபான் ஆகிய எல்லாமே வெள்ளி ஃபிலிம்கள், அருமையான ஃபிலிம்கள். ஆனால் சி-41 இயந்திரத்துக்குள் போனால் வெற்றுச் சுருளாகத்தான் வெளியே வரும்.

பெயர்கள் கண்ணைக் கட்டும். கோடாக் ஒரு காலத்தில் ‘டி-மேக்ஸ் டி400 சிஎன்’ என்று ஒரு சி-41 ஃபிலிமை விற்றது. அதே நிறுவனத்தின் ‘டி-மேக்ஸ் 400’ வெள்ளி ஃபிலிம். சில எழுத்து வித்தியாசத்தில் ஒரு ரோல் பிழைக்கும் அல்லது சாகும். இல்ஃபோர்டின் ஒருமுறைக் கேமராவிலும் இதே பொறி இருக்கிறது. ஃபிலிம் போட்டே வரும் அந்தச் சிறு கேமரா, எக்ஸ்பி2 போட்டும் விற்கிறது, எச்பி5 போட்டும் விற்கிறது. அட்டையைப் படிக்காமல் வாங்கிப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் பாதிப் பேருக்கு அழுகைதான்.

மும்பையின் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து ஃபோர்ட் பக்கம் போரா பஜார் தெருவுக்குள் நுழைந்தால் கேமராக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஏறி அங்கே போய்வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அந்த மாதிரிச் சந்தைகளில் பழைய சரக்கு கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நிதானியுங்கள். 2014-ல் நிறுத்திய ஃபிலிம் இத்தனை மே மாதங்களை எந்த அலமாரியில் கழித்திருக்கும் என்று யோசியுங்கள். வெப்பமும் ஈரமும் ஃபிலிமுக்கு ஆகாது. வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், குறையும், படம் முழுக்க மூட்டமாக வரும். வீட்டு விசேஷத்தை எடுக்க அதை வாங்க வேண்டாம்.

சினிமா ஃபிலிமை வெட்டிச் சிறு டப்பாக்களில் சுற்றி விற்பவர்களும் உண்டு. அதைப் பக்கத்துக் கடையில் கொடுக்கும் முன் விற்றவரிடமே எதில் கழுவுவது என்று கேட்டுவிடுங்கள். சினிமாக் கலர் நெகட்டிவ் பலவற்றின் முதுகில் கரிப்பூச்சு ஒன்று இருக்கும். சாதாரண இயந்திரத்தில் போட்டால் அது உதிர்ந்து மருந்தைக் கெடுத்து மற்றவர்களின் ரோலையும் பாழாக்கும்.

இனி, எக்ஸ்பி2 ரோலைக் கேமராவில் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். டப்பாவில் 400 என்று இருக்கும். அது ஐஎஸ்ஓ, பழைய கேமராக்களில் ஏஎஸ்ஏ, அதாவது ஃபிலிமின் வேகம். தானாக இயங்கும் கேமரா டப்பாவின் மேலிருக்கும் வெள்ளிக் கட்டங்களைப் படித்து 400 என்று வைத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிடலாம். வட்டத் திருகு உள்ள கேமராவில் நான் 200-ல் வைக்கச் சொல்வேன். இதற்குக் காரணம் இருக்கிறது.

வெள்ளி ஃபிலிமில் வெளிச்சம் கூடக் கூட மணிமணியான துகள் பெரிதாகத் தெரியும். சாய ஃபிலிமில் நேர்மாறு. ஒவ்வொரு துகளும் இருந்த இடத்தில் மேகத் திட்டு போல மெல்லிய சாயம் நிற்கிறது. வெளிச்சம் கூடினால் அந்தத் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து இடைவெளி மறைந்து, படம் வழுவழுப்பாகிறது. குறைந்தால் திட்டுகள் தனித்தனியே நின்று சொரசொரப்பாகத் தெரியும், நிழல்களும் சேறாகிவிடும். எனவே இந்த ஃபிலிமுக்கு வெளிச்சத்தை அளந்து கொடுக்காதீர்கள், அள்ளிக் கொடுங்கள். இல்ஃபோர்டே இதை 50 முதல் 800 வரை எந்த வேகத்தில் வைத்தும் எடுக்கலாம், கழுவும் நேரத்தை மாற்ற வேண்டாம் என்கிறது. ஒரே ரோலில் ஒரு படத்தை 200-லும் அடுத்ததை 800-லும் எடுக்கலாம். 3 நிமிடம் 15 விநாடியை மாற்றவே முடியாத இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

தாராவிப் பொங்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வேட்டியில் வெயில் அடிக்கிறது. அடுப்பின் முன் குனிந்திருக்கும் அம்மாவின் கறுத்த முகம் நிழலில் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் வேட்டியைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கரிக்கட்டையாகும். அந்த முகத்தின் சுருக்கங்களும் நெற்றி விபூதியும் மூக்குத்தியின் ஒளியும்தானே படம்! 200-ல் வைத்து, முகத்தை நெருங்கி அளந்து எடுங்கள். வேட்டி எரிந்துபோய்விடுமோ என்ற பயம் வேண்டாம். மிகை வெளிச்சத்தை இந்த ஃபிலிம் பதறாமல் தாங்கும். வேட்டியின் மடிப்புகள் பெரும்பாலும் பிரிண்டில் நின்றுவிடும்.

மீட்டர் வேலை செய்யாத கேமராவா? நல்ல உச்சி வெயிலில் லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் விநாடியில் 250-ல் ஒரு பங்கு என்று வைத்தால் 200-க்குச் சரியாக இருக்கும். நிழலுக்குப் போனால் லென்ஸ் துளையை மூன்று நான்கு படி திறவுங்கள். மழைக்காலத்து மும்பையில் பகலே மாலை போல இருக்கும். அன்று 400-க்கு மாறிக்கொள்ளுங்கள்.

கழுவக் கொடுக்கும் இடத்தில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். முதலாவது, “இது சி-41 ரோல், கலர் ரோலோடு சேர்த்தே போடலாம்” என்று டப்பாவைக் காட்டிச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளை என்ற சொல்லைக் கேட்டதுமே “நாங்கள் செய்வதில்லை” என்று திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன. அவர்களுடைய எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். கேட்காமல் இயந்திரத்தில் போட்டு அழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, நிறம். சாயத்தால் ஆன நெகட்டிவைக் கலர் பேப்பரில் பிரிண்ட் போடும்போது இயந்திரம் அதில் இல்லாத நிறத்தைத் தேடும். தேடியதன் விளைவாகப் படம் இளம்பச்சையாகவோ ஊதாவாகவோ பழுப்பாகவோ வரும். ஒரே ரோலில் ஒரு படம் பச்சை, அடுத்தது பழுப்பு என்றுகூட வரும். பலர் இதைப் பார்த்துத்தான் “இந்த ஃபிலிம் மோசம்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபிலிமில் குறை இல்லை. ஸ்கேன் செய்யும்போதே நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாகவே எடுத்துத் தரச் சொன்னால் தீர்ந்தது. கணினியில் ஒரு பொத்தான் வேலை அது. ஸ்கேன் ஏற்கெனவே நிறத்தோடு வந்துவிட்டால் கைபேசியிலேயே நிறத்தை எடுத்துவிடலாம்.

ஸ்கேன் விஷயத்தில் சாய ஃபிலிமுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பல ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி நெகட்டிவின் மேலுள்ள தூசியையும் கீறலையும் கண்டுபிடித்துத் தாமே மறைத்துவிடும். சாயம் அந்தக் கதிரை ஊடுருவ விடும். உலோக வெள்ளி தடுத்துவிடும். எனவே வெள்ளி ஃபிலிமில் பயன்படாத அந்தத் தூசி நீக்கம் எக்ஸ்பி2-வில் நன்றாகவே வேலை செய்கிறது.

நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் கேட்டால்தான் தருகிற வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. ஸ்கேன் ஒரு நகல், அசல் அந்தச் சுருள்தான்.

இந்த இடத்தில் சாய ஃபிலிமின் குறையையும் சொல்லியாக வேண்டும். சாயம் காலப்போக்கில் மங்கும். நன்றாகக் கழுவிய வெள்ளி நெகட்டிவ் பேரன் காலம் வரை நிற்பது போல இது நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை துணிகூடக் காயாத இந்த ஊரில் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். முக்கியமான படங்களைக் கையோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். பாட்டியின் சதாபிஷேகம் போல ஒருமுறை மட்டும் வருவதை எடுக்கிறீர்கள், அதை அடுத்த தலைமுறைக்கு நெகட்டிவாகவே விட்டுச்செல்ல வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது என்றால், வெள்ளி ஃபிலிமை வாங்கிக் கையால் கழுவுபவரிடம் கொடுங்கள். தூரம் போனாலும் பரவாயில்லை.

கலர் ரோலையே எடுத்துப் பிறகு கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம். எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு தீர்மானிக்கும் வசதிகூட அதில் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளே இருப்பது கலர் என்று தெரிந்தால் கண் சிவப்புப் புடவையைத்தான் தேடுகிறது. கறுப்பு வெள்ளை போட்டிருக்கிறேன் என்று தெரிந்தால் புகையையும் நிழலையும் முகத்தையும் தேடுகிறது. மாட்டுங்காவில் பூக்கடைப் பக்கம் ஒரு காலை நடந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். மல்லிகைச் சரத்தை அளந்து வெட்டும் அந்த விரல்களை, நிறம் மறைந்த பிறகுதான் நான் சரியாகப் பார்த்தேன்.

தவறிப்போய் நேர்மாறாக நடந்தால், அதாவது எக்ஸ்பி2-வைப் பழைய முறைக் கறுப்பு வெள்ளை மருந்தில் கழுவிவிட்டால், படம் வரும். அதற்குள்ளும் வெள்ளி இருக்கிறது, பிளீச் இல்லாததால் அது நின்றுவிடும். சாயத்தின் வழுவழுப்பு மட்டும் கிடைக்காது. ஒரு வீட்டில் இரண்டு வகையும் புழங்கினால், எடுத்து முடித்த ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி ‘இயந்திரம்’ அல்லது ‘கை’ என்று எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான்.

அண்ணன் மகள் மறுபடி ஒரு ரோல் எடுத்தாள், இம்முறை எக்ஸ்பி2. பொங்கல் போய்விட்டது. அதனால் அதே 90 அடிச் சாலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அன்று பானை வைத்திருந்த பெண்களை அவரவர் வாசலில் வைத்து எடுத்தாள். கழுவி வந்த சுருளை என்னிடம் கொடுக்கும் முன் அவளே ஜன்னலுக்கு எடுத்துப் போய் ஓரத்தைப் பார்த்தாள். எண்கள் இருந்தன. 14-ஆம் எண்ணுக்கு மேலே, கதவு நிலையில் கை ஊன்றி நிற்கும் ஒரு பாட்டி. நெகட்டிவில் தலைமுடி கறுப்பாகவும் முகம் வெளிறியும் இருந்தார். அந்தப் படத்தை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுக்க இந்த வாரம் தாராவிக்குப் போகிறாள்.